பதினைந்து ஆம்பியர்

ஆரல்வாய்மொழியில் அன்று மின்தடை.
மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் ஐந்து வரை.
கல்யாண வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்தால்
கணவாய் நெடுகக் காற்றாலைகள்
எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து
சுற்றிக்கொண்டே இருந்தன.
அந்தக் கம்பிகள் எந்த ஊருக்குப் போகின்றனவோ.
என் லேப்டாப்பில் பத்தொன்பது சதவீதம்.

குளச்சலில் ஏழு மணிக்கு வரவேற்பு.
காலையில் மாதா கோயிலில் எடுத்ததைச் சுருக்கி
நாலு நிமிடப் படமாக மாலையிலேயே ஓட்டுவதாய்
வாய் கொடுத்திருந்தேன்.
முன்பணத்தில் பாதி
பழைய கடனுக்குப் போய்விட்டது.

ஏசுவடியான் அண்ணன்தான் காலையில்
சகாய ஷெர்லினையும் மாப்பிள்ளையையும்
கோயில் நடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர்,
வழி முழுக்க ஹாரனில் வைத்த கையை எடுக்காமல்.
நாலரைக்கு அதே வண்டியில் நான், பின்சீட்டில்.
வைப்பரில் அலங்காரப் பூ ஒன்று இன்னும் சிக்கியிருந்தது.

சிகரெட் பற்றவைக்கும் துளையில் இன்வெர்ட்டரைச் செருகினேன்.
நூற்றைம்பது வாட் என்று அட்டையில் போட்டிருந்தது.
நூற்றிருபதுக்கு மேல் நம்பாதே என்றிருந்தார்
மீனாட்சிபுரத்துக் கடைக்காரர்.
உள்ளே ஒரு குட்டி விசிறி இரைந்தது.
அதில் சார்ஜர், சார்ஜரில் லேப்டாப்,
லேப்டாப்பில் ரெண்டர் பட்டை.
நகர்கிறதா என்று கேட்டால்
நகர்கிறது என்றுதான் சொல்லவேண்டும்.

"ஏசி போட்டா இது இழுக்காதுடே."
கண்ணாடியை இறக்கினோம்.
தோவாளைப் பூவாசம், பிறகு வடசேரி பஸ்களின் புகை,
எல்லாம் விசைப்பலகை மேல் வந்து உட்கார்ந்தன.

வெட்டூர்ணிமடத்தில் நெரிசல்.
பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பிவிட்டார்.
இன்வெர்ட்டர் கீச்சிட்டது.
"அண்ணே, ஆஃப் பண்ணாதீங்க!"
"யாருக்க டீசல்டே எரியுது?"
கேட்டபடியே மறுபடி ஸ்டார்ட் செய்தார்.
நின்ற இடத்தில் வண்டி உறும
திரையில் ஷெர்லின்
ஒரு படி இறங்கினாள்.

அறுபத்தெட்டில் எனக்குப் பேராசை.
ட்ரோன் பேட்டரியையும் அதிலேயே சொருகினேன்.
சுங்கான்கடை தாண்டவில்லை.
டப் என்றுகூடச் சத்தமில்லை.
விசிறி நின்றது, அவ்வளவுதான்.

திட்டுவார் என்று நினைத்தேன்.
ஓரங்கட்டி, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்து
செல்போன் வெளிச்சத்தில்
ஒரு நீலத் துண்டைப் பிடுங்கிக் காட்டினார்.
உள்ளே மயிரிழைக் கம்பி கருகி அறுந்திருந்தது.
"பதினஞ்சு. வேற கைல இல்ல."
கொஞ்ச நேரம் ஃபியூஸ் பெட்டியையே பார்த்தார்.
பிறகு இன்னொன்றைப் பிடுங்கினார். அதுவும் நீலம்.
"ஹாரனுக்க ஃபியூஸு" என்றார்,
துளைக்குக் கொடுத்தார்.
விசிறி இரைந்தது.
ட்ரோன் பேட்டரியை நானே கழற்றி
பைக்குள் ஒளித்தேன்.

அங்கிருந்து குளச்சல்வரை
சத்தமில்லாமல் போனோம் என்றால் பொய்.
வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி
"ஓரம்! ஓரம் மக்கா!" என்று கத்தினார்.
கதவை உள்ளங்கையால் அறைந்தார்.
திங்கள்சந்தையில்
மரச்சீனி மூட்டையோடு போன ஸ்கூட்டர்காரர்
நின்று, நிதானமாக, எங்கள் இருவரையும்
தனித்தனியாக ஏசினார்.
அண்ணன் கும்பிட்டார்.
எண்பது. எண்பத்தொன்று.

மண்டப வாசலில் தொண்ணூற்றாறு.
எஞ்சினை அணைக்காமல், இறங்காமல்,
பட்டுச்சேலைகள் குனிந்து எட்டிப் பார்க்க
இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஏழேகாலுக்குப் படம் ஓடியது.
அதிகம் பேர் பார்க்கவில்லை, பந்தி போட்டாயிற்று.
அண்ணன் கடைசி வரிசையில்
பிரியாணித் தட்டோடு நின்றார்.
கோயில் நடை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் ஷெர்லின்.
கார்க்கதவு சாத்தும் ஒலி.
அப்புறம் அந்த நீளமான ஹாரன்,
மூன்று தெருவுக்கு விடாமல்.
அவசரத்தில் அதன்மேல் பாட்டுப் போட
மறந்திருந்தேன்.

தொண்டை கட்டிப் போயிருந்தது அவருக்கு.
பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஆளிடம்
கரகரத்துச் சொன்னார்:
"நம்ம வண்டிக்க சத்தமாக்கும்."